செத்துச் செத்துப் பிழைத்த 12 மில்லிமீட்டர்

ஓர் அடிக்குப் பத்தில் ஒரு அங்குலம். இந்தச் சின்னக் கணக்கில்தான் கதை ஆரம்பிக்கிறது. அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால், நிஜத்தில் 120 பங்கு இருப்பது மாடலில் ஒரு பங்கு ஆகிவிடும். 1945-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்ட் சிட்டி என்ற சிற்றூரில், ஹால் ஜாய்ஸ் என்பவர் எச்.பி. புராடக்ட்ஸ் என்று ஒரு தொழில் தொடங்கினார். உலகத்து ரயில்பாதைகளில் பாதிக்கு மேல் 1435 மில்லிமீட்டர் அகலம். அதை 120-ஆல் வகுத்தால் 11.96 வருகிறது. 12 என்று வைத்துக்கொண்டார். மாடல் ரயில் உலகில் இவ்வளவு பிசிறில்லாமல் விழுந்த கணக்கு அபூர்வம். சாப்பாட்டு மேசையிலேயே ஓட்டிவிடலாம் என்று சொல்வதற்காக ‘டேபிள் டாப்’ என்று பெயர் வைத்தார். டி.டி. என்று உலகம் சுருக்கிக்கொண்டது.

பிறந்த வீட்டில் அது நெடுநாள் வாழவில்லை. அமெரிக்காவில் வீடுகள் பெரிது, நிலவறைகள் இன்னும் பெரிது. எச்.ஓ. என்ற 1:87 அளவு அங்கே ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. டி.டி.யில் கிடைத்ததோ பெரும்பாலும் தானே கூட்டிச் சேர்க்க வேண்டிய கிட். கையில் வேலை தெரிந்தவர்கள் வாங்கினார்கள். மற்றவர்கள் பக்கத்து அலமாரியில் முழுதாகச் செய்து வைத்திருந்த எச்.ஓ. ரயிலை எடுத்துக்கொண்டு போனார்கள். 1960-களில் அமெரிக்க டி.டி. மங்கிப் போயிற்று.

அதற்குள் விதை கடல் தாண்டிவிட்டிருந்தது. மேற்கு ஜெர்மனியில், லொபெரிஷ் ஊரில் தண்ணீர்க் குழாய்ச் சாமான் வார்த்துக்கொண்டிருந்த ரோக்கால் கம்பெனி 1940-களின் கடைசியில் 12 மி.மீ. ரயிலில் இறங்கியது. வார்ப்பு வேலை தெரிந்தவர்கள் செய்ததால் என்ஜின்கள் கையில் கனமாக உட்காரும். இருபது வருஷம் தாக்குப்பிடித்து அதுவும் நின்றது. பழைய ரோக்கால் சாமான் சேர்ப்பதற்கென்றே இன்றும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் நடந்தது கொஞ்சம் வேடிக்கை. மார்கேட் என்ற கடலோர ஊரில் தொழிற்சாலை வைத்திருந்த டிரையாங், 1957-ல் ‘டி.டி.-3’ என்று ஒரு வரிசையைக் கடைக்கு அனுப்பியது. தண்டவாளம் அதே 12 மி.மீ. ஆனால் வண்டிகள் 1:120 அல்ல. அடிக்கு 3 மி.மீ. என்ற கணக்கில், அதாவது ஏறத்தாழ 1:102-ல், கொஞ்சம் உப்பலாகச் செய்தார்கள். காரணம் எளிது. பிரிட்டிஷ் ரயில்கள் அமெரிக்க, ஜெர்மன் ரயில்களைவிட ஒல்லி. அக்காலத்து மின்மோட்டாரோ தடி. ஒல்லியான உடம்புக்குள் தடி மோட்டார் நுழையாது. ஆகவே உடம்பைப் பெருக்கினார்கள், பாதையை அப்படியே விட்டார்கள். கணக்குப் போட்டால் அந்தப் பாதை நிஜத்தில் நாலடி அகலத்துக்குத்தான் சமம். இருக்க வேண்டியது நாலடி எட்டரை அங்குலம். பெரிய அண்ணனான டபுள் ஓ அளவிலும் இதே தில்லுமுல்லு இருந்ததால் யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை.

‘ஜின்ட்டி’ என்று செல்லப்பெயர் கொண்ட ஆறு சக்கரக் குட்டி என்ஜின் வந்தது. ‘விண்ட்ஸர் காஸில்’ என்ற எக்ஸ்பிரஸ் என்ஜின் வந்தது. விளம்பரம் தடபுடலாக இருந்தது. 1962-ல் நியூரம்பெர்க்கின் ஆர்னால்டு கம்பெனி 9 மி.மீ. பாதையில், 1:160 அளவில், ‘என்’ என்ற அளவை எடுத்துவந்தது. இடம் மிச்சம் வேண்டும் என்பவருக்கு என் இன்னும் சின்னது. சிங்காரம் வேண்டும் என்பவருக்கு டபுள் ஓ இன்னும் பெரிது. நடுவில் நின்ற டி.டி.க்கு இரண்டு பக்கமும் அடி. 1960-களின் நடுவிலேயே டிரையாங்கின் ஆர்வம் வடிந்துவிட்டது. வாங்கியவர்கள் மட்டும் விடவில்லை. 1965-ல் ‘3 எம்.எம். சொசைட்டி’ என்று ஒரு சங்கம் கட்டினார்கள். கம்பெனி கைவிட்ட உருப்படிகளை உறுப்பினர்களே வெள்ளீயக் கலவையில் வார்த்து, பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்து, பற்றவைத்து, இன்று வரை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் கறாரானவர்கள் டிரையாங்கின் பொய்யான பாதை அகலத்தை ஏற்காமல், 14.2 மி.மீ. பாதையைத் தாங்களே போட்டார்கள். இந்த 14.2-ஐ நினைவில் வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

டி.டி. உண்மையில் வாழ்ந்தது பெர்லினில். அதுவும் கிழக்குப் பாதியில்.

ட்சொய்க்கெ - வெக்வெர்த் என்ற கம்பெனி, போர் முடிந்ததும் கிழக்கு பெர்லினில் பெரிய அளவு ரயில்கள் செய்து பிழைத்துக்கொண்டிருந்தது. மார்கேட்டில் டி.டி.-3 வந்த அதே 1957, 58 வாக்கில் அவர்களும் 12 மி.மீ.க்கு மாறினார்கள். ஜாய்ஸின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்: 1:120. அங்குலத்தில் பிறந்த ஓர் அமெரிக்க அளவு, மீட்டரைத் தவிர வேறெதையும் மதிக்காத சோஷலிச நாட்டில் தத்துப்பிள்ளையாகச் சேர்ந்தது. 1972-ல் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது. ‘பெர்லினர் டி.டி. பானென்’ என்று பெயர் மாறிற்று. கிழக்கு ஜெர்மனிப் பிள்ளைகளுக்கு மட்டுமின்றி செக்கோஸ்லோவாகியா, ஹங்கேரி, சோவியத் யூனியன் வரை அந்தப் பெட்டிகள் போயின. சோவியத் பாதை 1520 மி.மீ. அகலம். 120-ஆல் வகுத்தால் 12.67. அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பொய். அந்த நாட்டில் அதைவிடப் பெரிய பொய்களோடு வாழ்ந்தவர்கள் இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

மேற்கே மூன்று இடத்தில் செத்த சரக்கு இங்கே மட்டும் ஏன் பிழைத்தது? சின்ன ஃபிளாட்டுகள் ஒரு காரணம் என்பார்கள். லண்டன் ஃபிளாட்டும் சின்னதுதானே. என் பார்வையில் காரணம் வேறு. பெர்லின் தொழிற்சாலை பகட்டு என்ஜின்களோடு நிற்கவில்லை. நிலக்கரி வேகன், மூடிய கூட்ஸ் பெட்டி, டாங்க் வண்டி, எண்ணெய்க் கறை நிறத்தில் ஷண்டிங் என்ஜின், வளைவுத் தண்டவாளம், பாயிண்ட் என்று கண்ணுக்கு எடுபடாத சாமான்களை வருஷாவருஷம் செய்து தள்ளிற்று. அதே வேகனில் எண்ணை மாற்றி, நிறத்தை மாற்றி மறுபடியும். பிறந்தநாளுக்கு ஒரு வேகன், கிறிஸ்துமஸுக்கு இரண்டு பாயிண்ட் என்று ஒரு குடும்பம் பத்து வருஷத்தில் ஒரு முழு ஸ்டேஷனைச் சேர்த்துவிடும். பத்தாவது வருஷத்தில் வாங்கிய வேகன் முதல் வருஷத்து வேகனோடு கொக்கி சேரும். நுணுக்கம் குறைவு, கொக்கி பெருங்கொக்கி, பிளாஸ்டிக் பளபளக்கும். இருந்தும் நாளைக்கும் கடையில் இருக்கும் என்ற நம்பிக்கையை அது கொடுத்தது. மார்கேட்டால் கொடுக்க முடியாமல் போனது அதைத்தான்.

சுவர் இடிந்ததும் அந்த நம்பிக்கையும் இடிந்தது. மேற்கத்திய மார்க் நோட்டு கையில் வந்ததும் ஜனங்கள் மேற்கத்திய சாமான் வாங்க ஓடினார்கள். பெர்லின் தொழிற்சாலை சில வருஷத்திலேயே திவாலாயிற்று. காப்பாற்றியது ஸெப்னிட்ஸ். செக் எல்லையோரம், ஒரு காலத்தில் செயற்கைப் பூவுக்குப் பேர்போன சாக்ஸனி ஊர். அங்கே மாடல் தண்டவாளம் செய்துவந்த தொழிலை நடத்திய டில்லிக், 1993-ல் பெர்லின் சரக்கை ஏற்றுக்கொண்டது. தண்டவாளம் விற்றவர் ரயிலையும் வாங்கிப் போட்டார் என்று சொல்லலாம். பிளாஸ்டிக் வார்க்கும் பழைய டைகளில் சிலதைத் துடைத்து ஓட்டி, மெல்ல மெல்லப் புதியது வெட்டி, பெட்டிகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் புதுக் கொக்கியைக் கொண்டுவந்து, டி.டி.யை மறுபடி மேசைக்கு ஏற்றியது அந்த ஊர்தான். பின்னால் ஜெர்மனியின் பிக்கோவும், ரோக்கோவும், செக் நாட்டு எம்.டி.பி.யும் சேர்ந்துகொண்டார்கள். இதில் ஒரு ரசமான திருப்பம்: என் அளவைக் கண்டுபிடித்து டி.டி.யின் கழுத்தை நெரித்த அதே ஆர்னால்டின் பெயரில் இன்று டி.டி. என்ஜின்கள் வருகின்றன. பெயர் இப்போது ஹார்ன்பி கையில்.

ஹார்ன்பி யார்? 1964-ல் டிரையாங்கின் தாய்க் கம்பெனி ஹார்ன்பியை வாங்கிச் சேர்த்துக்கொண்டது; டிரையாங் - ஹார்ன்பி என்று ஆனது; பின்னால் டிரையாங் உதிர்ந்து ஹார்ன்பி மட்டும் நின்றது. ஊர் அதே மார்கேட். ஆகவே 2022 அக்டோபரில் ஹார்ன்பி ‘டி.டி.:120’ என்று அறிவித்தபோது, அறுபது வருஷம் முன்னால் தன் வீட்டைவிட்டுத் துரத்திய பிள்ளையை அந்த ஊர் திரும்ப அழைத்தது போலத்தான் ஆயிற்று. இந்த முறை 1:102 என்ற ஏமாற்று இல்லை. கண்டிப்பான 1:120. டெவன் பகுதியில் பியர் என்ற ஊரில் உள்ள பீக்கோ அதே வருஷம் ஏற்கெனவே தண்டவாளமும் கட்டட கிட்டும் அறிவித்திருந்தது. ரயிலுக்கு முன் பாதை வந்துவிட்டது, நல்ல சகுனம்.

சின்ன மோட்டார் வந்துவிட்டதால்தான் இது முடிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒல்லி உடம்பில் நுழையாத மோட்டார் இன்று நுழைந்து, பக்கத்திலே டிஜிட்டல் டிகோடர் செருகும் சாக்கெட்டுக்கும் இடம் விடுகிறது. ஏ4 வகை நீராவி என்ஜின், நிஜத்தில் 71 அடி. டபுள் ஓ-வில் 28 செண்டிமீட்டருக்கு மேல். டி.டி.யில் 18. எட்டுப் பெட்டி கோத்தால் டபுள் ஓ ரயில் இரண்டரை மீட்டரைத் தொடும், டி.டி. ரயில் ஒன்றரை மீட்டரில் முடிந்துவிடும். ஒரு கதவுப் பலகையில் முழு ரயிலும் நிற்கிறது. ஒரு ஃபிளாட்வாசிக்கு இது ஆசை காட்டும் கணக்குதான்.

ஆசை காட்டிய விதத்தில்தான் எனக்கு வழக்கு. ஹார்ன்பி முதல் பெட்டிகளாக எடுத்துவைத்தது என்ன தெரியுமா? ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்’ என்ஜின் இருக்கும் செட் ஒன்று. ஏ4 இருக்கும் செட் இன்னொன்று. சின்ன அறைக்கு என்று சொல்லி விற்கும் அளவில், பிரிட்டனின் மிகப் பெரிய எக்ஸ்பிரஸ் என்ஜின்களோடு கடையைத் திறந்தார்கள். டில்லிக் வழக்கத்தில் உள்ள 310 மி.மீ. ஆர வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வட்டம் போட 70 செண்டிமீட்டர் அகலப் பலகை போதும். அந்த வளைவில் நீளமான எக்ஸ்பிரஸ் பெட்டி திரும்பும்போது நடுவயிறு உள்பக்கம் பிதுங்கும், மூலைகள் வெளியே நீட்டும். தடம் புரளாது, பார்க்கத்தான் சகிக்காது. அதே வளைவில் 08 ஷண்டர் டீசலும் நாலு வேகனும் ஓடினால் நிஜ யார்டு மாதிரியே இருக்கும். 08-இல் 996 என்ஜின்கள் கட்டப்பட்டன. பிரிட்டனில் அது நிற்காத யார்டு கிடையாது. மாடலில் அதன் நீளம் ஏழரை செண்டிமீட்டர். அதையும் ஹார்ன்பி முதல் வரிசையிலேயே சேர்த்தது என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

வாங்குகிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? காதில் விழுவது ஒரே மாதிரியான பட்டியல்தான். கிளைப் பாதையில் ஓடும் இரண்டு பெட்டி டீசல் ரயில். சின்ன டாங்க் என்ஜின், இன்னும் இரண்டு மூன்று ரகம். புறநகர் மின்ரயில். நடைமேடையில் நிற்க மனிதர்கள், விளக்குக் கம்பம், வேலி, சிக்னல். எல்லாவற்றுக்கும் மேலாக 16 டன் மினரல் வேகன்: போருக்குப் பின் பிரிட்டிஷ் ரயில்வே லட்சக்கணக்கில் கட்டிவிட்ட, இரும்புப் பெட்டிக்கு நாலு சக்கரம் வைத்தது போன்ற நிலக்கரி வண்டி. தனியாகப் பார்த்தால் அதில் ஒரு அழகும் கிடையாது. துருப்பிடித்த சாம்பல் நிறம், பக்கத்தில் ஒரு கதவு, ஒரு ஓரத்தில் வெள்ளையாகச் சாய்ந்த கோடு. இருபதைக் கோத்து ஓட்டினால் 1950-களின் பிரிட்டன் கண்ணில் வந்து நின்றுவிடும். ஒருவர் ஓர் ஏ4 வாங்குவார். மினரல் வேகன் இருபது வாங்குவார். இந்தக் கணக்கு வியாபாரிக்குத் தெரியாமல் இருக்காது.

தெரிந்தும் ஏன் என்ஜினை முதலில் வைக்கிறார்கள் என்றால், டை. ஒரு மாடலின் செலவில் பெரும்பங்கு எஃகு டை வெட்டுவதில் போகிறது. நிஜ என்ஜினை லேசரால் அளந்து, கம்ப்யூட்டரில் வரைந்து, சீனத் தொழிற்சாலையில் டை வெட்டி, நிறம் பூசாத சாம்பிள் வரவழைத்து, ரிவெட் வரிசை தப்பென்று திருப்பியனுப்பி, நிறம் பூசிய சாம்பிளைப் பார்த்து, கடைசியில் உற்பத்தி வரிசையில் இடம் கிடைக்கக் காத்திருந்து, கடைக்கு வர வருஷக்கணக்கில் ஆகும். போட்ட பணத்தை ஓர் அறிமுகமான பெயர் சீக்கிரம் திருப்பித் தரும். ரயிலே தெரியாதவருக்கும் ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்’ தெரியும். எச்.எஸ்.டி. என்ற அதிவேக டீசலில் ஒரே டையை வைத்துக்கொண்டு நீல-சாம்பல், இன்டர்சிட்டி, பச்சை என்று பத்து வேஷம் போடலாம். கிளாஸ் 66 இன்னும் தோது: 1998 முதல் நானூற்றுக்கும் மேல் பிரிட்டனில் இறங்கிய அதே என்ஜின் ஐரோப்பாவிலும் ஓடுகிறது. பிரிட்டிஷ்காரருக்கு ஒரு நிறம், டச்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் வேறு நிறம். ஸெப்னிட்ஸ்காரரின் லே-அவுட்டிலும் அது அந்நியமாகத் தெரியாது. இரண்டு தேசமும் கடைசியில் ஒரே அளவுக்கு வந்ததன் பலன் இங்கேதான் தெரிகிறது.

ஆக, ஆசைப்படுகிறவரின் கணக்கும் டை வெட்டுகிறவரின் கணக்கும் வேறு வேறு. முன்னவருக்கு ஓர் உலகம் வேண்டும், பின்னவருக்கு ஒரு பெட்டி விற்க வேண்டும். ஹார்ன்பி ஆரம்பத்தில் கடைக்காரர்களை ஒதுக்கி, தன் வழியாக மட்டுமே விற்றது; பின்னால் கடைகளுக்கும் விட்டது. டென்மார்க்கின் ஹெல்யான் பிரிட்டிஷ் டி.டி.யில் கால் வைப்பதாக அறிவித்து, நீர் ஆழம் பார்த்ததும் காலை எடுத்துக்கொண்டது. இப்படி ஒவ்வொரு கம்பெனி பின்வாங்கும்போதும் பழைய பயம் எட்டிப்பார்க்கிறது. 1960-களில் டிரையாங் வாங்கி ஏமாந்தவர்களில் சிலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். பேரப்பிள்ளைக்கு வாங்கித்தருமுன் இரண்டு தடவை யோசிக்கிறார்கள். அவர்களை மடக்க இன்னொரு எக்ஸ்பிரஸ் என்ஜின் உதவாது. போன வருஷம் கிடைத்த பாயிண்ட் இந்த வருஷமும் கிடைத்தால் மடங்குவார்கள்.

நம்மூர்க்காரர் யாராவது இதற்குள் வந்தால் என்ன ஆகும் என்று பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு பார்த்தேன். இந்திய பிராட் கேஜ் 1676 மி.மீ. 120-ஆல் வகுத்தால் 13.97. கடையில் கிடைக்கும் 12 மி.மீ. பாதையில் ஓட்டினால் டிரையாங் செய்த அதே பொய்யை நாமும் சொல்ல வேண்டும். ஆனால் 3 எம்.எம். சொசைட்டிக்காரர்கள் தங்கள் கறாருக்காகப் போட்ட 14.2 மி.மீ. பாதை இருக்கிறதே, அது கால் மில்லிமீட்டர்கூடத் தள்ளாமல் நம் பிராட் கேஜுக்குப் பொருந்துகிறது. பிரிட்டிஷ் பிடிவாதம் ஒன்று தெரியாமலே நமக்குத் தண்டவாளம் போட்டு வைத்திருக்கிறது. மீட்டர் கேஜ்? 1000-ஐ 120-ஆல் வகுத்தால் 8.33. டி.டி.யின் பகையாளியான என் அளவின் 9 மி.மீ. பாதை ஏறக்குறைய சரி. ஒரு காலத்துத் திருச்சி ஜங்ஷன் போல இரண்டு கேஜும் பக்கம் பக்கமாக நிற்கும் ஸ்டேஷனை 1:120-ல் கட்ட முடியும். ஊட்டி ரயில்தான் ஆசை என்றால் அளவை மாற்றியும் பார்க்கலாம்: 1:87-ல் மீட்டர் கேஜ் 11.5 மி.மீ.; அங்கே மறுபடி நம் 12 மில்லிமீட்டரே வந்து நிற்கிறது. மலை ஏறும் எக்ஸ் வகை என்ஜின்கள் முதலில் வந்த சுவிட்சர்லாந்திலும், மீட்டர் கேஜ் மாடல்கள் ஓடுவது இதே 12 மி.மீ. பாதையில்தான்.

நமக்கு டை வெட்ட முதல் போட யாரும் வரப்போவதில்லை. அந்த எண்ணிக்கையில் வாங்க ஆளில்லை. ரெசின் பிரிண்டர் உண்டு. வீட்டு மேசையில் வைத்து, ராத்திரி ஓடவிட்டு, காலையில் பெட்டி உடம்பை எடுத்துக் கழுவும் அளவுக்கு அது வந்துவிட்டது. ‘என்’ அளவு சேஸிஸ் ஒன்றின் மேல் பொருத்தி மீட்டர் கேஜின் ஒய்.பி. நீராவி என்ஜின் செய்யலாம் என்று யாரும் முதலில் நினைப்பார்கள். என்னைக் கேட்டால் ஒய்.பி. காத்திருக்கட்டும். நாலு சக்கர மூடு கூட்ஸ் பெட்டி, செங்காவி நிறம், பக்கத்தில் வெள்ளை எழுத்தில் எஸ்.ஆர். என்று போட்டு ஒரு பத்துப் பன்னிரண்டு முதலில் அச்சடியுங்கள். பெட்டி தயாராகி நின்றால் இழுக்க என்ஜின் எங்கிருந்தாவது வந்துசேரும்.